நூலக ஆட்டோமேஷன்: பயிற்சி வகுப்பில் திரும்பத் திரும்பக் காதில் விழும் கேள்விகள்

நூலகர்களுக்குக் கணினியும் நூலக ஆட்டோமேஷனும் சொல்லிக்கொடுக்கும் வகுப்புகளை நடத்திவருகிறேன். பாடம் நடக்கும்போது பெரும்பாலும் யாரும் வாய் திறப்பதில்லை. இடைவேளை விட்டதும் ஒவ்வொருவராக அருகில் வந்து மெதுவாகக் கேட்பார்கள். வகுப்புகள் மாறினாலும் கேள்விகள் மாறுவதில்லை. அவற்றைக் கேட்டவர்கள் வாய்மொழியிலேயே இங்கே எழுதிப் பதிலும் சேர்த்திருக்கிறேன். எளிதானவை முதலில், தலையைச் சொறிய வைப்பவை பின்னால்.

1. எனக்கு டைப் அடிக்கவே சரியா வராது. இந்த வயசுல இதெல்லாம் ஏறுமா?

ஏறும். அட்டையில் கேட்டலாக் (நூல் விவரப் பட்டியல்) எழுதிப் பழகியவருக்கு இதில் முக்கால்வாசி ஏற்கெனவே தெரியும். ஆசிரியர் பெயரை எந்த வடிவில் எழுதுவது, தலைப்பு எங்கே முடிந்து துணைத்தலைப்பு எங்கே தொடங்குகிறது, பொருள்வாரியாக அடுக்க உதவும் பகுப்பெண்ணை எப்படி முடிவு செய்வது என்பவைதான் இந்த வேலையின் கடினமான பகுதி. கைப்பேசியில் விரல் பறக்கும் இளைஞர்கள் இந்த இடத்தில்தான் தடுமாறுகிறார்கள்.

கணினிப் பக்கம் உங்களுக்குத் தேவையானது கொஞ்சம்தான்: கோப்பைச் சேமிக்க, சேமித்த இடத்தை மறுநாள் கண்டுபிடிக்க, பிரவுசரில் ஒரு பக்கத்தைத் திறக்க, நகலெடுத்து ஒட்ட, தமிழில் அடிக்க. இதில் பலரும் சிக்கிக்கொள்வது இரண்டாவதில். தினமும் அரை மணி நேரம் உங்கள் அலமாரியிலிருந்தே பத்துப் புத்தகங்களை எடுத்து, தலைப்பையும் ஆசிரியர் பெயரையும் அடித்துப் பாருங்கள். வேகம் தானாக வரும்.

2. ஆட்டோமேஷன்னா கடைசில என்னதான் சார்? கார்டுல இருக்கிறத கம்ப்யூட்டர்ல ஏத்துறது, அவ்வளவுதானே?

அது பாதி. ஒரு புத்தகம் நூலகத்துக்குள் வந்தால் அதன் பெயரைக் கையால் எத்தனை முறை எழுதுகிறோம் என்று எண்ணிப் பாருங்கள். ஆர்டர் கடிதத்தில் ஒரு முறை, வரும் புத்தகங்களை எண் போட்டு எழுதும் சேர்க்கைப் பதிவேட்டில் ஒரு முறை, ஆசிரியர் அட்டை, தலைப்பு அட்டை, பொருள் அட்டை, அப்புறம் புத்தக அட்டை. ஆறு முறை. ஆட்டோமேஷனில் ஒரே முறை உள்ளிடுகிறோம். வாங்குதல், கேட்டலாக், இஷ்யூ, ரிட்டர்ன், பருவ இதழ்கள், வாசகர் தேடும் கணினிக் கேட்டலாக்கான ஓபேக் எல்லாமே அந்த ஒரே பதிவிலிருந்து எடுத்துக்கொள்ளும்.

இதில் ஆரம்பத்திலேயே மனதில் ஏற்ற வேண்டியது ஒன்று: நூல் வேறு, பிரதி வேறு. ஒரே நூலின் ஐந்து பிரதிகள் இருந்தால் நூல் விவரம் ஒன்று, அதன் கீழே ஐந்து பிரதிகள், ஒவ்வொன்றுக்கும் தனிச் சேர்க்கை எண். ஐந்தையும் ஐந்து நூல்களாக ஏற்றிவிட்டுப் பின்னால் மாதக்கணக்கில் ஒன்றுசேர்த்துக்கொண்டிருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன்.

3. அப்போ டிஜிட்டல் நூலகம்னு சொல்றதும் இதுவும் ஒண்ணா?

இல்லை. ஆட்டோமேஷனில் இருப்பது புத்தகத்தைப் பற்றிய விவரம். டிஜிட்டல் நூலகத்தில் இருப்பது புத்தகமே, ஸ்கேன் செய்த பக்கமாகவோ மின்னூலாகவோ. கோஹா என்ற மென்பொருள் முதல் வகை. டிஸ்பேஸ், கிரீன்ஸ்டோன் என்ற மென்பொருள்கள் இரண்டாம் வகை. முதலாவதைச் செய்து முடித்தவருக்கு இரண்டாவது எளிது. தலைகீழாக ஆரம்பித்தால் கோப்புகள் குவியும், தேடினால் எதுவும் கிடைக்காது.

4. எந்த சாஃப்ட்வேர் நல்லது? ஒண்ணு சொல்லிடுங்க, அதையே போட்டுடறோம்.

ஒன்றைச் சொல்லச் சொன்னால் கோஹாவில் பழகுங்கள் என்பேன். நியூசிலாந்தின் ஹோரோஃபெனுவா நூலக அறக்கட்டளை வைத்திருந்த பழைய மென்பொருள் 2000ஆம் ஆண்டைத் தாண்டாது என்று தெரிந்தபோது, கடிபோ என்ற நிறுவனத்தைக் கொண்டு புதிதாக எழுதவைத்தார்கள். 2000 ஜனவரியில் பயன்பாட்டுக்கு வந்தது. எழுதியதை உலகத்துக்கே திறந்துவிட்டார்கள். கோஹா என்றால் மாவோரி மொழியில் அன்பளிப்பு. பதிலுக்கு நாமும் ஏதாவது செய்ய வேண்டும் என்ற எதிர்பார்ப்பும் அந்தச் சொல்லில் உண்டாம். பல கிளைகள் சேர்ந்து ஒரே தரவுத்தளம் வைத்திருப்பதாக இருந்தால் எவர்கிரீன் என்ற இன்னொன்றும் இருக்கிறது. அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலப் பொது நூலகங்களுக்காக எழுதப்பட்டு 2006இல் வந்தது.

இலவசம் என்றதும் செலவே இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். சர்வர் வேண்டும், அதைப் பார்த்துக்கொள்ள லினக்ஸ் இயங்குதளம் தெரிந்த ஒருவர் வேண்டும். விலைக்கு வாங்கும் மென்பொருளாக இருந்தால் விற்பவரிடம் ஒரு கேள்வியைக் கட்டாயம் கேளுங்கள்: "என் தரவு முழுவதையும் மார்க் வடிவத்தில் நானே வெளியே எடுக்க முடியுமா?" மார்க் என்பது நூல் விவரத்தை எண்ணிட்ட பகுதிகளாகப் பிரித்து எழுதும் பொது வடிவம். முடியும் என்றால் அந்த இடத்திலேயே செய்து காட்டச் சொல்லுங்கள். அவர் இழுத்தால் நீங்கள் எழுந்துவிடலாம். இதன் அருமை 13ஆம் கேள்வியில் புரியும்.

5. நாங்க எல்லாத்தையும் எக்செல்லயே வச்சிருக்கோம். அது போதாதா?

சில நூறு புத்தகங்கள், இரவல் கிடையாது என்றால் போதும். இரண்டு ஆசிரியர்கள் எழுதிய நூல் வந்ததும், இரண்டாம் பிரதி வந்ததும் எக்செல் திணற ஆரம்பிக்கும். ஆனால் பிறகு ஒரு மென்பொருளுக்கு மாறுவதற்கான படிக்கட்டாக அது நல்லது. ஒரு விவரத்துக்கு ஒரு நெடுவரிசை என்று கண்டிப்பாக இருங்கள். பதிப்பகமும் ஊரும் ஆண்டும் ஒரே கட்டத்துக்குள் கிடந்தால் பின்னால் பிரிக்க முடியாது.

இன்னொரு பொறி இருக்கிறது. சேர்க்கை எண் 00123 என்று அடித்தால் எக்செல் அதை 123 ஆக்கிவிடும். புத்தகத்துக்கு உலகளவில் கொடுக்கும் 13 இலக்க ஐஎஸ்பிஎன்னைப் பெரிய எண் என்று நினைத்துச் சுருக்கிக் காட்டும். அடிக்கத் தொடங்கும் முன்பே அந்த நெடுவரிசைகளை எழுத்து வகைக்கு மாற்றிவிடுங்கள்.

6. மார்க் மார்க்னு சொல்றீங்களே, அந்த நம்பரையெல்லாம் மனப்பாடம் பண்ணணுமா?

வேண்டாம். பத்துப் பன்னிரண்டு எண்கள் கை பழகிவிடும், மற்றதைப் பார்த்துக்கொள்ளலாம். 020 ஐஎஸ்பிஎன், 100 முதன்மை ஆசிரியர், 245 தலைப்பு, 250 பதிப்பு, 260 அல்லது 264 வெளியீட்டு விவரம், 300 பக்கம் அளவு, 650 பொருள், 700 உடன் எழுதியவர் அல்லது மொழிபெயர்த்தவர். இவை தெரிந்தாலே பெரும்பாலான புத்தகங்களை முடித்துவிடலாம்.

இதை வடிவமைத்தவர் ஹென்றியெட் அவ்ராம். 1960களில் அமெரிக்காவின் லைப்ரரி ஆஃப் காங்கிரஸில் வேலை பார்த்தவர். நூலகவியல் படித்தவர் அல்ல, புரோகிராமர். கேட்டலாக் அட்டையில் ஒரு நிறுத்தற்குறி ஏன் அந்த இடத்தில் இருக்கிறது என்பதுவரை நூலகர்களிடம் உட்கார்ந்து கற்றுக்கொண்டு, அதைக் கணினிக்குப் புரியும்படி உடைத்தார். நாம் செய்வது அதே பயணம்தான், எதிர்த்திசையில். வகுப்பில் பயந்து உட்கார்ந்திருப்பவர்களிடம் முதலில் இந்தக் கதையைத்தான் சொல்வேன்.

சொற்களுக்குப் பதில் ஏன் எண்? 245 என்றால் எந்த மொழி நூலகத்திலும் தலைப்புதான். அதனால்தான் ஒருவர் ஏற்றிய பதிவை இன்னொருவர் அப்படியே எடுத்துக்கொள்ள முடிகிறது. கற்க ஒரு வழி சொல்கிறேன். உங்கள் பழைய அட்டை ஒன்றை எடுத்து, ஒவ்வொரு வரிக்கும் மேலே பென்சிலால் அதன் மார்க் எண்ணை எழுதுங்கள். இருபது அட்டை போதும். திரைக்குப் போகும்போது அது அந்நியமாக இருக்காது.

7. ஐஎஸ்பிஎன்னை ஸ்கேன் பண்ணினா எல்லா விவரமும் தானா வந்துடுமாமே. அப்புறம் எதுக்கு இவ்வளவும் கத்துக்கணும்?

வரும், வேறு யாராவது ஏற்கெனவே ஏற்றியிருந்தால். இசட்39.50 என்ற நெறிமுறை வழியாக உங்கள் மென்பொருள் இன்னொரு நூலகத்தின் கேட்டலாக்கில் தேடி, பதிவை இறக்கிக்கொள்ளும். ஒருவர் செய்த கேட்டலாக்கைப் பலர் பகிர்வது என்ற இந்த எண்ணத்தில்தான் 1967இல் ஓசிஎல்சி என்ற நூலகக் கூட்டமைப்பு அமெரிக்காவின் ஒஹையோவில் தொடங்கியது. ஆங்கில நூல்களுக்குப் பெரும்பாலும் கிடைத்துவிடும். தமிழ் நூல்களுக்குத் தேடிப் பார்க்கலாம், ஆனால் கையால் ஏற்றவும் தயாராக இருங்கள். இறக்கிய பதிவையும் புத்தகத்தைக் கையில் வைத்து ஒப்பிடுங்கள். வேறு பதிப்பு வந்திருக்கும், பக்க எண்ணிக்கை மாறியிருக்கும்.

புத்தகத்தின் பின்னட்டையில் அச்சாகி வரும் பார்கோடு ஐஎஸ்பிஎன், உங்கள் சேர்க்கை எண் அல்ல. ஐந்து பிரதிக்கும் அது ஒன்றேதான். அதை வைத்து இஷ்யூ செய்தால் எந்தப் பிரதி யாரிடம் போனது என்று தெரியாது. 2007 ஜனவரி முதல் ஐஎஸ்பிஎன்னுக்கு 13 இலக்கம், அதற்கு முன் 10. கடைசி இலக்கம் சரிபார்ப்புக்கு. 13 இலக்க எண்ணில் முதல் இலக்கத்தை 1ஆல், அடுத்ததை 3ஆல், மறுபடி 1ஆல் என்று மாற்றி மாற்றிப் பெருக்கிக் கூட்டினால் மொத்தம் 10ஆல் மீதியின்றி வகுபட வேண்டும். ஒரே ஒரு இலக்கம் தவறினாலும் இது பிடித்துவிடும். பக்கத்துப் பக்கத்து இலக்கங்கள் இடம் மாறினாலும் பெரும்பாலும் பிடிக்கும். அவற்றுக்கிடையே வித்தியாசம் சரியாக 5 என்றால் மட்டும் கோட்டைவிடும்.

8. பழைய கம்ப்யூட்டர்ல அடிச்ச தமிழ், புதுசுல ஏதோ இங்கிலீஷ் எழுத்தும் குறியுமா தெரியுது. எல்லாத்தையும் திரும்ப அடிக்கணுமா?

வேண்டாம், மாற்றிக்கொள்ளலாம். அந்தக் காலத்து எழுத்துருக்கள் பலவற்றில் உள்ளே சேமித்திருப்பது ஆங்கில எழுத்துகளும் குறிகளும்தான். மேலே தமிழ் வடிவத்தைப் போர்த்தியிருந்தார்கள். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் போர்வை விலகி உள்ளே இருப்பது தெரிகிறது. எந்த எழுத்துருவில் அடித்தது என்று கண்டுபிடித்தால், எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோடுக்கு மாற்றும் கருவிகள் இருக்கின்றன. மாற்றியபின் கிரந்த எழுத்துகளையும் கொம்பு வரும் எழுத்துகளையும் கண்ணால் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். தப்பு நடப்பது அங்கேதான்.

யூனிகோடுக்கு வந்தபிறகும் சில வேடிக்கைகள் உண்டு. 'ஔ' என்ற ஓரெழுத்துக்குப் பதிலாக 'ஒ', 'ள' என்று இரண்டெழுத்தாக அடித்திருப்பார்கள். துணைக்காலுக்குப் பதில் 'ர' போட்டிருப்பார்கள். கண்ணுக்கு ஒன்றுபோலத் தெரியும், தேடினால் வராது. வரிசையும் தகராறு செய்யும். யூனிகோடு அட்டவணையில் 'ந'வுக்கு அடுத்து 'ன', 'ர'வுக்கு அடுத்து 'ற' இருக்கின்றன. நம் அகரவரிசையில் 'ற', 'ன' இரண்டும் கடைசி. தமிழ் வரிசைமுறையைச் சரியாக அமைக்காத மென்பொருள் ஆசிரியர் பட்டியலை அட்டவணைப்படி அடுக்கிவிடும். புதிய மென்பொருளைச் சோதிக்கும்போது முதலில் இதைப் பாருங்கள்.

9. ஒரே ஆசிரியர் பேரு எங்க கேட்டலாக்ல எட்டு விதமா வருது. கம்ப்யூட்டர் கண்டுபிடிச்சு ஒண்ணாக்காதா?

ஆக்காது. 'சொ. விருத்தாசலம்' என்பவரும் 'புதுமைப்பித்தன்' என்பவரும் ஒருவரே என்று உங்களுக்குத் தெரியும், அதற்குத் தெரியாது. தலைப்பெழுத்துக்குப் பின் புள்ளி, புள்ளிக்குப் பின் இடைவெளி, தலைப்பெழுத்து முன்னால் அல்லது பின்னால் என்று ஒவ்வொரு வேறுபாடும் அதற்குத் தனி ஆள்.

இதற்குத்தான் ஏற்புப் பெயர்க் கோப்பு. ஒரு பெயரைத் தலைமை வடிவமாக வைத்து, மற்ற வடிவங்களை 'பார்க்க' குறிப்பாக அதனுடன் கட்டிவிடுவது. அட்டைக் காலத்திலும் இதைச் செய்தோம், மறந்துவிட்டோம். பதிவேற்றம் தொடங்கும் முன்பே ஒரு தாளில் விதி எழுதி எல்லோர் மேசையிலும் ஒட்டுங்கள்: தலைப்பெழுத்து எங்கே, புள்ளி உண்டா, புனைபெயரா இயற்பெயரா. எந்த விதி என்பதைவிட ஒரே விதி என்பது முக்கியம். நான்கு பேர் நான்கு விதமாக ஏற்றினால் கணினி அந்த நான்கையும் விசுவாசமாகக் காப்பாற்றும்.

10. இருபதாயிரம் பழைய புத்தகம் இருக்கு. எப்ப ஏத்தி முடிக்கிறது?

கணக்குப் போடுவோம். புத்தகத்தை எடுக்க, விவரம் ஏற்ற, லேபிள் ஒட்ட, திரும்ப வைக்க ஆறு நிமிடம் என்று வையுங்கள். மணிக்குப் பத்து. வழக்கமான வேலைக்கு நடுவே நாளுக்கு நான்கு மணி நேரம் கிடைத்தால் நாற்பது. ஒருவருக்கு ஐந்நூறு வேலை நாள். இந்தக் கணக்கை நிர்வாகத்திடம் காட்டாமல் "ஆறு மாசத்துல முடிச்சிடறோம்" என்று தலையாட்டிவிட்டு வருவதுதான் நாம் செய்யும் பெரிய தவறு.

எல்லாவற்றையும் வரிசையாக ஏற்றி முடித்தபிறகுதான் திறப்பது என்று காத்திருக்காதீர்கள். முதலில் கழிக்க வேண்டியதைக் கழியுங்கள், ஏற்றும் வேலை குறையும். அப்புறம் புதிதாக வருபவை, இரவல் போய்த் திரும்புபவை. வாசகர் கையில் புழங்கும் புத்தகங்கள் இப்படிச் சில மாதங்களில் உள்ளே வந்துவிடும். அசையாத அலமாரிகளைக் கடைசியில் பார்க்கலாம். வாசகரின் நேரத்தைக் காப்பாற்று என்று 1931இல் நூலகவியல் அறிஞர் ரங்கநாதன் எழுதிய நூலக விதிகளில் நான்காவது இந்த வரிசையைத்தான் கேட்கிறது.

பதிவேட்டைப் பார்த்து ஏற்றாதீர்கள், புத்தகத்தைப் பார்த்து ஏற்றுங்கள். ஓர் இடத்தில் பதிவேட்டை வைத்துக்கொண்டு மளமளவென்று அடித்து முடித்துவிட்டார்கள். நானும் கூட இருந்து பாராட்டினேன். லேபிள் ஒட்ட அலமாரிக்குப் போனபோதுதான் பல நூறு புத்தகங்கள் அங்கே இல்லவே இல்லை என்று தெரிந்தது. வாசகர்களுக்கு அவை 'உள்ளது' என்றே காட்டிக்கொண்டிருந்தன.

11. பார்கோடா, ஆர்எஃப்ஐடியா?

பார்கோடில் தொடங்குங்கள். லேபிள் தாளும் பிரின்டரும் போதும். ஆர்எஃப்ஐடி 13.56 மெகாஹெர்ட்ஸில் வேலை செய்யும் சில்லு. அலமாரிப் பக்கமாகக் கருவியைக் கொண்டுபோய் இருப்பு எடுக்கலாம், வாசகரே இஷ்யூ செய்துகொள்ளலாம், வாசலில் திருட்டையும் கண்டுபிடிக்கும். இரும்பு அலமாரியும் உலோகப் பூச்சு அட்டையும் அதற்கு ஆகாது. செலவும் அதிகம். தினமும் இரவல் கூட்டம் அலைமோதினால் யோசிக்கலாம்.

பார்கோடில் சேர்க்கை எண்ணை மட்டும் போடுங்கள். பகுப்பெண்ணையும் சேர்த்து அச்சடித்தால், பகுப்பு மாறும் நாளில் லேபிளைக் கிழிக்க வேண்டிவரும். எல்லாப் புத்தகத்திலும் ஒரே இடத்தில் ஒட்டுங்கள். நூறு புத்தகத்தில் இடம் தேடித் திருப்பிப் பார்த்தவருக்கு இதை விளக்க வேண்டாம்.

12. கரண்ட் போச்சுன்னா? சர்வர் நின்னுடுச்சுன்னா?

மேசையில் ஒரு நோட்டு இருக்கட்டும். உறுப்பினர் எண், சேர்க்கை எண், நேரம் மூன்றும் எழுதி, பின்னால் ஏற்றிவிடலாம். கோஹாவில் இணைப்பில்லாமல் இஷ்யூ செய்யும் வசதியும் இருக்கிறது.

பெரிய ஆபத்து டிஸ்க் போவது. மூன்று நகல், இரண்டு வகை ஊடகம், ஒன்று வேறு கட்டடத்தில் என்பது பழைய விதி. நான் போன ஒரு நூலகத்தில் தினமும் பேக்கப் எடுத்தார்கள், அதே டிஸ்கின் இன்னொரு பகுதியில். டிஸ்க் போனபோது இரண்டும் சேர்ந்து போயின. மூன்று மாதத்துக்கு ஒருமுறை பேக்கப்பை வேறொரு கணினியில் மீட்டுப் பாருங்கள். மீட்டுப் பார்க்காத பேக்கப்பை நம்ப முடியாது.

13. பழைய சாஃப்ட்வேர்லேர்ந்து புதுசுக்கு மாறணும். தரவு அப்படியே வந்துடுமா?

அப்படியே வராது. உதாரணமாக, யுனெஸ்கோ 1985இல் சிறு கணினிகளுக்குக் கொடுத்த சிடிஎஸ்/ஐசிஸ் என்ற மென்பொருளில் புல எண்களை, அதாவது ஒவ்வொரு விவரமும் உட்காரும் இடத்தின் எண்களை, ஒவ்வொரு நூலகமும் தன் விருப்பப்படி வைத்துக்கொள்ளலாம். உங்கள் 70 எனக்கு 70 அல்ல. பழைய புலம், அதற்குரிய மார்க் எண், மாற்றும்போது செய்ய வேண்டிய திருத்தம் என்று முதலில் ஒரு அட்டவணை போட வேண்டும். இதைப் புரோகிராமரிடம் விட்டுவிடாதீர்கள். எந்தப் புலத்தில் என்ன கிடக்கிறது என்று உங்களுக்குத்தான் தெரியும்.

நூறு பதிவுகளை மட்டும் முதலில் மாற்றிப் பாருங்கள். அழகான நூறு வேண்டாம். மூன்று ஆசிரியர்கள் உள்ளது, பல தொகுதிகள் கொண்டது, பழைய எழுத்துருவில் அடித்தது (8ஆம் கேள்வி), ஐஎஸ்பிஎன் இல்லாதது என்று தேடித் தேடி மோசமான நூறை எடுங்கள். எண்ணிக்கையையும் ஒப்பிடுங்கள். நூல்கள் எத்தனை, பிரதிகள் எத்தனை என்று தனித்தனியாக.

14. யார் என்ன புத்தகம் எடுத்தாங்கன்னு எல்லாம் இதுல பதிவாகுது. மேலே இருக்கிறவங்க கேட்டா பிரின்ட் எடுத்துக் கொடுத்துடலாமா?

வகுப்பில் எல்லோரும் ஒரு நிமிடம் அமைதியாகிவிடும் கேள்வி இது. எந்தப் புத்தகம் எத்தனை முறை போனது என்ற புள்ளிவிவரத்தைத் தாராளமாகக் கொடுங்கள். ஒருவர் பெயர் போட்டு அவர் படித்த பட்டியல் என்பது வேறு. வாசகரின் அந்தரங்கத்தைக் காப்பது நூலகரின் கடமை என்று சர்வதேச நூலகக் கூட்டமைப்பான இஃப்லாவின் 2012 நெறிமுறை சொல்கிறது. அட்டைக் காலத்தில் அந்தப் பட்டியலை எடுக்க ஒரு நாள் ஆகும். இப்போது ஒரு சொடுக்கு. கோஹாவில் திரும்பிவந்த புத்தகத்துக்கும் வாசகருக்குமான தொடர்பை அழிக்கும் வசதி உண்டு. பயன்படுத்துங்கள். சட்டப்படி கேட்டால் எழுத்தில் கேட்கட்டும், முடிவு உங்கள் தலைமையினுடையது.

இதோடு சேர்ந்தது கடவுச்சொல். ஒரே நிர்வாகக் கணக்கில் எல்லோரும் நுழைவது பல இடங்களில் வழக்கம். பதிவு ஒன்று அழிந்தால் யார் செய்தது என்று தெரியாது, பழி எல்லோர் மீதும் விழும். ஆளுக்கொரு கணக்கு வையுங்கள்.

15. இப்ப ஏஐ கிட்ட அட்டைப் படத்தைக் காட்டினா மார்க் பதிவே போட்டுக் கொடுக்குதாமே?

கொடுக்கும். தலைப்புப் பக்கத்தைப் படித்து வரிசைப்படுத்துவதில் கெட்டிக்காரத்தனம் இருக்கிறது. ஆனால் இல்லாத விவரத்தை இருப்பதுபோல நிரப்பும் பழக்கமும் இருக்கிறது. ஐஎஸ்பிஎன் இல்லாத நூலுக்கு ஒன்றைப் போட்டால் 7ஆம் பதிலில் சொன்ன கணக்கைப் போட்டுப் பாருங்கள். அதுவும் முழுக் காவல் அல்ல. வாயில் வந்த 13 இலக்கமும் பத்தில் ஒருமுறை அந்தக் கணக்கில் தேறிவிடும். பகுப்பெண், பொருள் தலைப்பு இரண்டையும் வரைவாக மட்டும் எடுத்துக்கொண்டு, 9ஆம் பதிலில் சொன்ன உங்கள் விதித்தாளோடு ஒப்பிட்டபின் சேமியுங்கள்.

16. மூணு நாள் வகுப்புக்கு வந்தேன், திரும்பிப் போனதும் எல்லாம் மறந்துடுச்சு. தப்பு என் மேலயா?

பெரும்பாலும் எங்கள் மேல். முதல் நாள் முழுக்கக் கணினியின் ஐந்து தலைமுறைகளைப் பற்றிப் பேசும் வகுப்புகளில் நானும் உட்கார்ந்திருக்கிறேன், ஆரம்பத்தில் நானே நடத்தியும் இருக்கிறேன். இப்போது வருபவர்களை அவரவர் நூலகத்திலிருந்து இருபது புத்தகங்களைக் கொண்டுவரச் சொல்கிறேன், கேட்டலாக் செய்யச் சங்கடமானவையாகப் பார்த்து. முதல் மணி நேரத்திலேயே ஏற்ற ஆரம்பித்துவிடுவார்கள். என்ன வேண்டுமானாலும் கெடுத்துக்கொள்ள ஒரு பயிற்சித் தரவுத்தளம் கொடுத்துவிடுவேன். கற்றுக்கொடுப்பவர் மவுஸைத் தொடக் கூடாது என்பது எனக்கு நானே போட்டுக்கொண்ட விதி. "தள்ளுங்க, நான் பண்றேன்" என்று ஒருமுறை வாங்கிவிட்டால் எதிரில் இருப்பவர் அன்றைக்குக் கற்றது அத்தோடு சரி.

நீங்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. திரும்பிப் போன முதல் வாரத்திலேயே, இஷ்யூ செய்வது எப்படி, புதுப் பிரதி சேர்ப்பது எப்படி என்று திரையைப் பார்த்துப் பார்த்து உங்கள் வார்த்தையில் நோட்டில் எழுதுங்கள். பக்கத்தில் இருப்பவரிடம் அதைக் கொடுத்து, நீங்கள் வாய் திறக்காமல் அவரைச் செய்யச் சொல்லுங்கள். அவர் எங்கே நிற்கிறாரோ அங்கே ஒரு வரி விட்டுப்போயிருக்கிறது. உங்களுக்கு மாற்றல் வந்தாலும் வேலை நிற்காது.

17. கடைசியா ஒண்ணு. எல்லாம் ஏத்தியாச்சு. சேர்க்கைப் பதிவேட்டையும் அட்டைப் பெட்டியையும் தூக்கிடலாமா?

அட்டைப் பெட்டியில் புது அட்டை சேர்ப்பதை நிறுத்தலாம். ஒரு முழு இருப்புச் சரிபார்ப்பு முடிந்து, கணினிக் கணக்கும் அலமாரியும் ஒத்துப்போனபின் பெட்டியை எடுத்துவிடலாம். அதற்கு முன், அட்டைகளின் ஓரத்தில் பழைய நூலகர்கள் பென்சிலால் எழுதிய குறிப்புகளைப் பார்த்துப் பதிவில் சேர்த்துவிடுங்கள். சேர்க்கைப் பதிவேடு சொத்துக் கணக்கு. தணிக்கைக்கு வருபவர் திரையை ஏற்பாரா, மாதாமாதம் அச்சிட்டுக் கையெழுத்திட்டுக் கட்டிவைத்த தாளை ஏற்பாரா என்று எழுத்தில் கேட்டு வாங்கிவிட்டு, அதுவரை இரண்டையும் நடத்துங்கள்.